ஒண்ணும் செய்யாது

"விவேக் செத்துட்டாராம்ப்பா. ஊசி போட்டு ரெண்டே நாளு."

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. ஈப்போவில் நான் இன்னும் பசியாறக்கூட இல்லை. பாகான் டத்தோவிலிருந்து அம்மா கூப்பிட்டுவிட்டார். குரலில் துக்கம் இருந்தது. ஆனால் எனக்கு என்னவோ அதில் வெற்றிதான் கூடுதலாகக் கேட்டது. மார்ச் மாதமே மைசெஜாத்தெரா செயலியில் அவர் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். முதியவர்களுக்கான இரண்டாம் கட்டத் தடுப்பூசி ஏப்ரல் நடுவில் தொடங்கியது. ஒரு மாதமாக நான் கெஞ்சுவதும் அவர் பேச்சை மாற்றுவதுமாக இருந்த நேரத்தில், சென்னையிலிருந்து அவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

நகைச்சுவை நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டது ஏப்ரல் 15-இல். தனியாரிடம் போக வசதியிருந்தும், மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கேமராக்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. இதயத் தமனியில் முழு அடைப்பு என்றது மருத்துவமனை. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று இந்திய நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். அக்டோபரில் வரப்போகிற அறிக்கையை ஏப்ரலில் அம்மாவிடம் எப்படிக் காட்டுவது?

"அது கோவேக்சின்ம்மா, இந்தியா ஊசி. இங்க நம்ம நாட்டுல அது கிடையவே கிடையாது."

"ஊசி ஊசிதானேப்பா."

"இது வேறம்மா. லட்சக்கணக்கான பேரு போட்டுட்டாங்க. ஒண்ணும் செய்யாது."

அந்தப் பக்கம் சத்தமில்லை. கோழி ஒன்று கத்தியது கேட்டது.

"இதையேதான் அப்பவும் சொன்னாங்க," என்று வைத்துவிட்டார். எப்போது, யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

பேராக் ஆறு கடலில் விழும் முனையில் இருக்கிறது பாகான் டத்தோ. 2017-இல்தான் தனி மாவட்டமானது. அதுவரை ஹிலிர் பேராக்கின் வால். பேராக் தமிழன் என்றால் எல்லாரும் பால்மரத்தைத்தான் நினைப்பார்கள், எங்கள் பக்கம் தென்னை. கடல்மண், களிமண், வாய்க்கால், மதகு. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியமட்டும் தென்னை. அதன் நிழலில் கொஞ்ச காலம் கொக்கோ போட்டார்கள், பிறகு செம்பனை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் தெலுக் இந்தான் போக வேண்டும். அந்த ஊரின் பெயர் மாறி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா இன்னும் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு. கல்யாணமாகி வந்த புதிதில் கொப்பரைக் கொட்டகையில் தேங்காய் உடைத்தார். நான் தோட்டப் பள்ளியில் படிக்கும்போது செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மருந்து என்றால் களைக்கொல்லி. முதுகில் பம்பு, கையில் பீச்சுக்குழாய், அப்பாவின் பழைய நீளக்கைச் சட்டை, மூக்குக்கு மேல் ஒரு துண்டு. பாதுகாப்பு அவ்வளவுதான். பச்சையும் நீலமும் கலந்த அந்தத் தண்ணீரைத் தகர டின்னிலிருந்து அளந்து ஊற்றும்போது கையில் வழியும். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், மண்டோர் அவர்களுக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: இது புல்லைத்தான் கொல்லும், மனுசனை ஒண்ணும் செய்யாது.

வலது கைப் பெருவிரல் நகத்தில் முதலில் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு ஒரு நாள் நகமே கழன்று வந்தது. காலையில் எழுந்தால் மூக்கில் இரத்தம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் போனால் உடம்புச் சூடு, இளநீர் குடி என்பார். தென்னந்தோப்பில் குடியிருப்பவர்களுக்கு இளநீர் வைத்தியம்!

பாராகுவாட் என்ற அதன் பெயர் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெனாகனித்தா அமைப்பு, மருந்தடித்த தோட்டப் பெண்களை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்வதாகச் சொன்னது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். கொரோனா நாட்டுக்குள் வந்ததும் அதே மாதம்தான். அம்மாவின் நகம் அதற்குள் திரும்ப முளைத்திருந்தது, கோணலாக. பேரன் கொடுத்த பழைய கைப்பேசியில், புலனத்தில் நான் அனுப்பும் தடுப்பூசிச் செய்திகளை அந்தக் கோணல் நகத்தால்தான் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கூடவே மற்றவர்கள் அனுப்பியதும் வரும். ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிறது, பல்பு எரிகிறது, இரண்டு வருஷத்தில் எல்லாரும் செத்துவிடுவார்கள். நான் இந்தக் குப்பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காந்தத்தை அம்மா ஒரு நாளும் நம்பியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "கரண்டு பில்லாவது மிச்சமாகும்," என்று சிரித்தாராம் பக்கத்து வீட்டில்.

ஊசிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இன்னொரு பழைய கணக்கு உண்டு. அம்மாவைப் பெற்ற ஆயா, 1930-களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். இடது தோளுக்குக் கீழே இரண்டு காசு அகலத்தில் குழிந்த தழும்புகள். கப்பல் ஏறும் முன் டிப்போவில் அம்மை குத்தியது. பினாங்கு வந்தும் நேரே கரையிறங்க விடவில்லை, ஜெரஜாக் தீவில் வைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். சின்ன வயதில் நான் அந்தக் குழிகளில் விரலை வைத்து அழுத்துவேன். ஆயா கதை சொல்வார்: "சந்தையில மாட்டுக்குச் சூடு போடுவாங்க பாரு, அப்படி வரிசையில நிக்கவச்சு. பேரு கேட்டான், ஊரு கேட்டான், குத்தினான்." அந்த ஊசி ஆயாவுக்கு நல்லதுதான் செய்தது. பெரியம்மையை உலகத்தை விட்டே ஒழித்ததாக 1980-இல் அறிவிக்க முடிந்தது, இப்படிக் கோடிக்கணக்கில் தழும்பு விழுந்ததால்தான். நான் ஆசிரியன், வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுச் சந்தைப் பகுதியை மட்டும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

அந்த மே மாதம் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் நிலைமை வேறு. இரத்தம் உறைகிறது என்ற பயத்தில் அஸ்ட்ராசெனகாவைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்புகிறவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று மே 2-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இடம் சில மணி நேரத்தில் தீர்ந்தது. அங்கே ஊசிக்கு அடித்துப் பிடித்தார்கள். இங்கே நான் அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஈப்போவில் மட்டும் எல்லாரும் தெளிவாக இருந்தார்களா என்ன? தம்புனிலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர், நன்றாகப் படித்தவர், போனில் தயங்கினார். அவருக்கு 1998 நினைவு. ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் கிளம்பியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, கொசுவுக்குப் புகையடித்து, அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் அது ஒரு புதுக் கிருமி என்று கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பாவின் பெயரால் நிப்பா என்று ஆனது. அதற்குள் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். "எங்க மாமா ஊசி போட்டவருதான் சார்," என்றார். அந்த ஊசியில் பிழை ஒன்றுமில்லை, நோய்தான் வேறு. அதை அவரும் அறிவார். அறிந்தும் தயங்கினார். அவரை நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். அதே தயக்கத்துக்கு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

ஜூன் தொடக்கத்தில் அம்மாவுக்குத் தேதி வந்தது. போகவில்லை. தேதி காலாவதியானது. அன்று இரவு மனைவியிடம், "படிக்காதவங்கள வச்சுக்கிட்டு என்ன செய்யிறது," என்றேன். போன் அணையவில்லை. அம்மா அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது.

ஜூன் கடைசியில் ஆசிரியர்களுக்கான முறை வந்து நான் போட்டுக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, உள்ளுக்குள் பயம்தான். இரண்டு நாள் குளிர்காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் சட்டை மாற்றி, தலை சீவி, வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, ஒண்ணும் செய்யல," என்றேன். பின்னால் வந்த என் மகன், "அப்பா ரெண்டு நாளா எந்திரிக்கவே இல்ல பாட்டி," என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை.

ஜூலை கொடுமையான மாதம். 13-ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 11,079 பேருக்குத் தொற்று, முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது. வீட்டு வாசல்களில் உதவி கேட்டு வெள்ளைத் துணி தொங்கியது. மாலைச் செய்தியில் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாமைப் பார்த்து அம்மா, "அந்த டாக்டரு ரொம்ப எளைச்சுப்போயிட்டாரு," என்பார். எண்ணிக்கை அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அந்த வாரம்தான் எதிர்வரிசை வீட்டு அண்ணன், தேங்காய் லோரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். பிரேதம் வீட்டுக்கு வரவில்லை. குளிப்பாட்டவில்லை, மோளம் இல்லை, நேரே சுடலை. மகன் ஒருவன் மட்டும் தூரத்தில் நின்றானாம். இதைக் கேட்டாவது அம்மா மனம் மாறும் என்று நான், வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன். "அவனுக்கு நேரம்," என்று முடித்துவிட்டார்.

மாற்றியது வேறொரு பெண். எங்கள் லயத்தில் பிறந்து, அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக, எங்கள் வழக்கில் மிஸ்ஸியாக, வேலை பார்ப்பவள். துக்கம் கேட்க வந்தவள் அம்மா வீட்டுக்கும் வந்திருக்கிறாள். நான் அங்கே இல்லை. மாவட்டம் தாண்ட முடியாத நாட்கள். அம்மா சொன்னதையும் அவள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வீட்டு முன் அஞ்சடியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். போட்டால் என்ன செய்யும் என்று அம்மா கேட்டார்.

"கை வலிக்கும் பாட்டி. தூக்க முடியாது. ராத்திரி பதினொண்ணு பன்னெண்டுக்குக் காய்ச்சல் வரும், குளிரும். எங்கேயோ ஒருத்தருக்கு மோசமாவும் ஆகுது, அதுக்குத்தான் போட்ட பிறகு பதினஞ்சு நிமிசம் உக்கார வைக்கிறோம். உங்களுக்கு ஆகாதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. போட்டாலும் கொரோனா வரலாம். வந்தா மூச்சு முட்டிச் சாகுற அளவுக்குப் போறது ரொம்பக் குறைவு. அதை நான் கண்ணால பாக்குறேன்."

"நீ போட்டியா?"

"முதல் ஆளா. மொத ராத்திரி அழுதுட்டேன்."

அன்று மாலை அம்மா கூப்பிட்டார். தேதி வாங்கச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. என்னம்மா திடீர்னு என்றேன்.

"அந்தப் பொண்ணு 'ஒண்ணும் செய்யாது'ன்னு சொல்லலப்பா."

அப்போதுதான் பம்பும் நகமும் பெரட்டும் எனக்கு ஒரு கோட்டில் வந்து நின்றன. மூன்று மாதமாக நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தது மண்டோர் குரலில்.

அப்புறமும் ஒரு தடை வந்தது. தேதி ஆடியில் விழுந்தது. "ஆடி போகட்டும்," என்றார். அம்மன் மாசம்தானேம்மா என்றேன். "அம்மன் மாசம்னாதான் பயமே." மறுநாள் அவரே சமாதானமாகிவிட்டார். கோயில் பூட்டியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மாரியம்மாவிடம் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். என்ன பதில் கிடைத்தது என்று சொல்லவில்லை. கைலி தவிர்த்து நல்ல சேலை எடுத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஜூலை கடைசி வாரம், பேராக் முழுக்க வெறிச்சென்று கிடந்த சாலையில் போனேன். பீடோர் தாண்டி ஒரு போலீஸ் தடுப்பு, கைப்பேசியில் அம்மாவின் தேதியைக் காட்டியதும் விட்டார்கள். உத்தான் மெலிந்தாங்கில் கொஞ்சம் நிறுத்தி அம்மாவுக்கு முகக்கவசம் வாங்கினேன். ஏழு மாதமாகப் பார்க்காத அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொடவில்லை. காரில் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

மண்டபத்தில் நாற்காலிகள் எட்ட எட்டப் போட்டிருந்தன. மஞ்சள் மேலாடை போட்ட மலாய்ப் பையன் ஒருவன் ஒரு பாரத்தை நீட்டி, "ஆச்சி, சைன் சினி," என்று விரலால் காட்டினான். நான் பேனாவைக் கொடுத்தேன். அம்மா வாங்கவில்லை.

"என்னா எழுதியிருக்கு?"

"சும்மா கையெழுத்துதாம்மா."

"படி."

படித்தேன். மலாயிலிருந்து தமிழாக்கி, ஒவ்வொரு வரியாக. ஊசியின் நன்மையையும் பக்கவிளைவையும் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள், கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்தார்கள், நான் சம்மதிக்கிறேன் அல்லது சம்மதிக்கவில்லை.

"சம்மதிக்கலன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுல போட்டா?"

"வீட்டுக்குப் போயிரலாம்."

"யாரும் ஏசமாட்டாங்க?"

"மாட்டாங்க."

"சம்பளம் வெட்டமாட்டாங்க?"

சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மஞ்சள் மேலாடைப் பையன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான், நல்ல பையன், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேண்டாம் என்று எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் பயந்த முகமாகத் தெரியவில்லை. துணிக்கடையில் இரண்டு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம் என்று உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம். டிப்போவில் ஆயாவை யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரட்டில் அம்மாவிடம் யாரும் தாள் நீட்டியதில்லை.

பிறகு பேனாவைக் கேட்டார். சம்மதம் என்ற பக்கம் எது என்று என் விரலை வைத்துக் காட்டச் சொன்னார். கோணல் நகம் தாளில் அழுந்த, தமிழில், நான்காம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில், அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எழுதினார். எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

வெறும் சிரிஞ்சைக் குத்தி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த ஜூலையில் ஒரே பேச்சு. அதனால் குத்தும் முன் மருந்தைக் காட்டவும், குத்திய பின் காலியானதைக் காட்டவும் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த மிஸ்ஸி சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, "தெங்கோக் ஆச்சி, கொசோங் தித்திக் தீகா," என்றாள். ஒரு மில்லியில் பத்தில் மூன்று பங்கு. மீன்கடைத் தராசைப் பார்ப்பதுபோல் அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சேலையை விலக்கி இடது தோளைக் கொடுத்தார். காலி சிரிஞ்சையும் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

பதினைந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். அம்மா சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினாலாவது நிமிஷத்தில் நான் எழுந்தபோது, "இன்னும் ஒரு நிமிசம் இருக்கு," என்றார்.

வீட்டில் விட்டுவிட்டு அன்றே ஈப்போ திரும்ப வேண்டியிருந்தது. தங்க அனுமதியில்லை, மறுநாள் காலை இணைய வகுப்பும் இருந்தது. பாராசிட்டமோல் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். இரவு பதினொன்றரைக்குப் போன் அடித்தது. பதறி எடுத்தேன்.

"காய்ச்சல் வந்துருச்சுப்பா." ஏப்ரலில் ஒரு காலையில் ஈப்போ முழுக்கக் கேட்கும்படி விவேக் செய்தி சொன்ன அதே குரல்.

"எவ்வளவு இருக்கும்மா? குளிருதா?"

"குளிருது. கையத் தூக்க முடியல. அந்தப் பொண்ணு சொன்ன நேரத்துக்கே வந்துருச்சு பாரேன்."

"பயமா இருக்கா? நான் வேணும்னா பக்கத்து வீட்ல சொல்லி..."

"எதுக்குப் பயம்? சொல்லித்தானே போட்டாங்க. போனை வை, கஞ்சி ஆறுது."